உங்களுக்குத் தெரியுமா? 734 யார்டு வீசியும் தோற்றார்கள்!

● அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல்நிலைப் பிரிவில், ஒரே ஆட்டத்தில் பந்தை வீசும் பொறுப்புள்ள குவார்ட்டர்பேக் ஒருவர் வீசிச் சேர்த்த அதிகபட்சத் தூரம் 734 யார்டு. அந்தச் சாதனைக்கு இரண்டு சொந்தக்காரர்கள். 2014-ல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கானர் ஹாலிடே. 2016-ல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மஹோம்ஸ். மஹோம்ஸ் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரம் ஆனார். ஆனால் சாதனை படைத்த அன்று இருவருடைய அணியும் தோற்றது. ஹாலிடேயின் அணி 60-59 என்று, மஹோம்ஸின் அணி 66-59 என்று.

● ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக: இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. பக்கத்துக்கு 11 பேர். நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் ஓடும் கூட்டாளிக்கு வீசலாம். நான்கு வாய்ப்புக்குள் 10 யார்டு, அதாவது 9 மீட்டருக்குச் சற்று மேல், முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்பு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. ஒவ்வொரு முறையும் ஓட்டமா வீச்சா என்று ஓர் அணி தேர்ந்தெடுக்கிறது. எது வரப்போகிறது என்று எதிரணி ஊகிக்கப் பார்க்கிறது.

● மஹோம்ஸ் தோற்ற அந்த ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். டெக்சஸ் டெக் எடுத்த மொத்தம் 854 யார்டு. ஜெயித்த ஓக்லஹோமாவும் அதே 854 யார்டுதான்! வேறுபாடு உள்ளே இருக்கிறது. டெக்சஸ் டெக் ஓடிச் சேர்த்தது 120; ஓக்லஹோமா ஓடிச் சேர்த்தது 309. ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்டு 545 யார்டு வீசினார், ஜோ மிக்சன் 263 யார்டு ஓடினார். இரண்டு தடுப்பணிகளுமே அன்று மோசமாக ஆடின என்பது உண்மை. ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு வழி வைத்திருந்த அணி ஒரு டச்டவுன் கூடுதலாக அடித்தது.

● 1906-க்கு முன் பந்தை முன்னோக்கி வீசுவதே விதிமீறல். கைகோத்துக் கும்பலாக மோதி ஓடுவதுதான் ஆட்டம். 1905-ல் மாணவர்கள் பலர் களத்தில் அடிபட்டு உயிரிழந்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதி மாறியது. கும்பலைக் கலைத்து ஆட்டக்காரர்களைக் களம் முழுவதும் பரப்பவே வீச்சு அனுமதிக்கப்பட்டது. ஓட்டத்துக்கு வீச்சு துணை வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் உத்தியாகப் பிறந்தது அல்ல, உயிர் காக்கும் ஏற்பாடாகப் பிறந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

● முதல் சட்டபூர்வமான வீச்சு 1906 செப்டம்பரில், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் கையிலிருந்து போனது. யாரும் பிடிக்கவில்லை. அன்றைய விதிப்படி, தொடப்படாமல் தரையில் விழுந்த வீச்சுக்குத் தண்டனையாகப் பந்து எதிரணிக்குப் போய்விடும்!

● 1913 நவம்பர் 1. நியூயார்க்கின் வெஸ்ட் பாயின்ட்டில் ராணுவ அகாடமி அணியை, கிழக்கே அதிகம் பேசப்படாத நோட்ர டேம் 35-13 என்று வீழ்த்தியது. கஸ் டோரே 17 முறை வீசினார், 14 பிடிபட்டன, 243 யார்டு. பிடித்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி, பின்னாளில் அந்தக் கல்லூரியின் புகழ்பெற்ற பயிற்சியாளர். வீச்சு ஜெயித்த நாள் என்று வரலாறு இதைச் சொல்கிறது. பாதிதான் சரி. வீச்சைத் தடுக்க ராணுவ அணி பின்வாங்கிப் பரவியதும், ரே ஐக்கன்லாப் என்ற கனத்த ஓட்டக்காரர் (ஃபுல்பேக்) அந்த இடைவெளியில் புகுந்து ஓடினார். இந்த இரண்டாம் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

● ஓடுவதில் ஓர் எண்கணிதச் சிக்கல் உண்டு. பந்தைக் கைமாற்றிக் கொடுத்ததும் குவார்ட்டர்பேக்குக்கு வேலை முடிந்தது. பந்தோடு ஓடுபவர் ஒருவர். ஆக, எதிரிகளை மறித்துத் தள்ள மிச்சம் ஒன்பது பேர். எதிரே 11 பேர். மறிக்க ஆளில்லாமல் இருவர் எப்போதும் மிஞ்சுவார்கள். அந்த இருவரும் பந்துக்கு அருகில் வந்து நின்றால் ஓட்டம் இரண்டு யார்டில் செத்துவிடும்.

அவர்களைப் பின்னால் நிறுத்தி வைப்பது வீச்சின் மீதுள்ள பயம் மட்டுமே. ஆழத்தில் காவல் நிற்கும் சேஃப்டி ஒருவர் முன்னே வந்தால் வெளிப்புறத்தில் வீச்சைப் பிடிக்கும் ரிசீவருக்கு ஒற்றைக் காவல்தான். தலைக்கு மேல் ஒரு நீண்ட வீச்சு போதும். அவர் பின்னே போனால் முன்னால் ஓர் ஆள் குறைகிறது, ஓடலாம். சமநிலை என்பதற்கு என் மனதில் உள்ள பொருள் இதுதான். 35 ஓட்டம், 35 வீச்சு என்று எண்ணிக்கையைச் சமப்படுத்துவது அல்ல. அந்த சேஃப்டி எங்கே நின்றாலும் அது தப்பான இடமாகிவிட வேண்டும்.

● டெக்சஸ் பல்கலைக்கழகம் 1968-ல் 'விஷ்போன்' அமைப்பைக் கொண்டுவந்தது. உதவிப் பயிற்சியாளர் எமரி பெல்லார்டு வகுத்தது. தலைமைப் பயிற்சியாளர் டேரல் ராயல். ஓட்டமோ ஓட்டம்! 1970 வரை தொடர்ந்து 30 வெற்றி. அந்த வரிசை அறுந்துபோக இருந்த நாள் 1969 டிசம்பர் 6. முதலிடத்து டெக்சஸும் இரண்டாமிடத்து ஆர்கன்சாவும் மோதின. பார்வையாளர்களில் குடியரசுத் தலைவர் நிக்சனும் இருந்தார். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம். டெக்சஸ் 8-14 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது, கடைசி வாய்ப்பு. தேவை வெறும் 3 யார்டு. விஷ்போன் அணி 3 யார்டுக்கு ஓடத்தான் செய்யும் என்று யாரும் நினைப்பார்கள். ராயல் நீண்ட வீச்சுக்கு உத்தரவிட்டார். ஜேம்ஸ் ஸ்ட்ரீட் வீசிய பந்தை இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே ராண்டி பெஷல் பிடித்தார். 44 யார்டு. அடுத்த இரண்டே ஓட்டத்தில் டச்டவுன், பிறகு அதற்கான கூடுதல் 1 புள்ளி. முடிவு 15-14. அந்த ஒரு வீச்சுக்குப் பலம் சேர்த்தது அதற்கு முன் ஓடிய ஓட்டம் அத்தனையும்தான்.

● வீச்சைப் பற்றிப் பழைய பயிற்சியாளர்களிடம் ஒரு சொலவடை உண்டு: வீசினால் மூன்று நடக்கலாம், அதில் இரண்டு கெடுதல். பந்து பிடிபடலாம், தரையில் விழலாம், எதிரியின் கையில் சிக்கலாம்.

● 1916-ல் ஜார்ஜியா டெக், கம்பர்லேண்ட் கல்லூரியை 222-0 என்று நசுக்கியது. ஒரு பந்தைக்கூட வீசவில்லை. பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். முன்னோக்கி வீசுவதைச் சட்டமாக்கச் சொல்லி முன்பு போராடியவரே அவர்தான். எதிரி பலமற்றுக் கிடந்தால் எந்தச் சமநிலையும் தேவைப்படாது.

● கல்லூரி ஆட்டத்தில், வீச நினைத்த குவார்ட்டர்பேக்கைப் பின்னால் வைத்தே சாய்த்துவிட்டால் அந்த நஷ்டம் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். தொழில்முறை ஆட்டத்தில் வீச்சுக் கணக்கில் கழிப்பார்கள். ஆகவே கல்லூரிப் புள்ளிவிவரத்தில் 'ஓட்டம் குறைவு' என்று கண்டால், உண்மையில் ஓடாததாலா, வீசப்போய் அடிபட்டதாலா என்று பார்க்க வேண்டும். 1995 சீசனின் இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடா ஓடிய மொத்தம் மைனஸ் 28 யார்டு! எதிரே நெப்ராஸ்கா 524 யார்டு ஓடியது. 62-24 என்று வென்றது.

நெப்ராஸ்கா ஓட்டத்தையே நம்பிய அணியாயிற்றே, அதன் சமநிலை எங்கே? ஓட்டத்துக்குள்ளேயே இருந்தது. அவர்களது ஆப்ஷன் ஆட்டத்தில் நடுவே ஃபுல்பேக், ஓரத்தில் ரன்னிங் பேக், இடையில் டாமி ஃப்ரேசியர் என்ற குவார்ட்டர்பேக். யாரிடம் பந்து போகும் என்பதைக் கடைசி நொடியில் முடிவு செய்வார்கள். ராணுவ, கடற்படை அகாடமிகளும் இதே வழியைப் பல காலம் பிடித்துவந்தன. ஏனென்றால், முன்வரிசையில் நின்று மறிக்கும் பெரிய உடற்கட்டுள்ள லைன்மேன்கள் அவர்களுக்குக் கிடைப்பது அரிது.

● ஓடுவதுபோல் பாவனை காட்டி வீசுவது பிளே ஆக்‌ஷன். கிரிக்கெட்டில் அதே கையசைப்பில் வரும் மெதுவான பந்துபோல, ஏமாற்று கையில் தெரியக் கூடாது. தொழில்முறை ஆட்டங்களை ஆராய்ந்த புள்ளியியலாளர்கள், இந்தப் பாவனை பலிக்க அன்று அதிகமாக ஓடியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்கிறார்கள். ஓட்டம் வரக்கூடும் என்ற எண்ணமே முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் தடுப்பாளரான லைன்பேக்கரை ஓரடி முன்னே இழுத்துவிடுகிறதாம். எண்ணிக்கையைச் சமமாக்கப் பாடுபடும் பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

● மூன்றாவது வாய்ப்பில் 9 யார்டு தேவையென்றால் வீச்சுதான் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2 யார்டு தேவையென்றால் யாருக்கும் தெரியாது. முதல் வாய்ப்பில் கிடைக்கும் சாதாரண 4 யார்டு ஓட்டத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

● லைன்மேன்கள் வீச்சின்போது எவ்வளவு முன்னே போகலாம்? தொழில்முறையில் 1 யார்டு. கல்லூரியில் 3 யார்டு. இந்த 2 யார்டு வித்தியாசம் கல்லூரி ஆட்டத்தையே மாற்றிவிட்டது. லைன்மேன்கள் ஓட்டத்துக்காக முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, குவார்ட்டர்பேக் ஒரே ஒரு தடுப்பாளரைப் பார்க்கிறார். அவர் ஓட்டத்தை நோக்கி வந்தால் அவர் விட்டுவந்த இடத்துக்கு வீச்சு; நின்றால் ஓட்டம். ஆர்.பி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் உத்தி இது. ஓட்டமா வீச்சா என்ற முடிவைப் பயிற்சியாளர் எடுப்பதில்லை, எதிரியே எடுத்துக் கொடுக்கிறார்!

● முன்னணியில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் ஓடியே தீர வேண்டும். பிடிபடாத வீச்சு கடிகாரத்தை நிறுத்திவிடும். களத்துக்குள் முடியும் ஓட்டம் பெரும்பாலும் நிறுத்தாது. சீசன் முழுதும் வீசியே பழகிய அணிக்கு அந்த நேரத்தில் ஓடக் கால் வராது.

● லூசியானா ஸ்டேட்டின் கதை எனக்கு மிகப் பிடித்தது. 2011 சீசனில் ஓட்டத்தையும் தடுப்பையும் நம்பி 13-0 என்று இறுதிக்கு வந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் அலபாமாவிடம் 21-0 என்று தோல்வி. ஆட்டம் முழுதும் எடுத்தது 92 யார்டு. நடுக்கோட்டைத் தாண்டியதே ஒரு முறைதான். ஓட்டம் அடைபட்டதும் வேறு கதவு இல்லை.

எட்டு ஆண்டு கழித்து, 2019 சீசன். ஜோ பர்ரோ 5,671 யார்டு வீசினார், 60 டச்டவுன். எல்லோரும் பேசுவது அதைத்தான். ஆனால் அதே அணியில் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 1,414 யார்டு ஓடினார். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் ஆகிய இரண்டு ரிசீவர்கள் தலா ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். 15 ஆட்டம், 15 வெற்றி. இறுதியில் கிளெம்சனை 42-25 என்று வீழ்த்திய இடம் அதே நியூ ஆர்லியன்ஸ் அரங்கம்.

● 2015-ல் அலபாமாவின் டெரிக் ஹென்றி 2,219 யார்டு ஓடி, 28 டச்டவுன் அடித்து, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். இறுதி ஆட்டத்தில் கிளெம்சன் அவரைத் தடுக்கத் தயாராக வந்தது. அப்படியும் மூன்று டச்டவுன் அடித்தார். ஆனால் கிளெம்சனின் பின்கட்டைக் கிழித்தவர் ஓ.ஜே. ஹோவர்டு என்ற டைட் எண்ட். பல சமயம் ஹென்றிக்காக வழிமறித்துத் தள்ளுவதே அவர் வேலை; சீசன் முழுதும் அதுவரை ஒரு டச்டவுன்கூட அவர் அடித்ததில்லை. அன்று 208 யார்டு, இரண்டு டச்டவுன். அலபாமா 45, கிளெம்சன் 40.