அணை ஜிலேபியும் கேஜன் மசாலாவும்

முள் நீக்கிய மீன்துண்டை உருகிய வெண்ணெயில் தோய்த்து, உலர்ந்த மசாலாப் பொடியை இரு புறமும் அப்பி, புகைய புகையக் காய்ந்த இரும்புக் கல்லில் சில நிமிடங்களில் சுட்டெடுப்பதே கேஜன் மீன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையல் இது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சமையலறையில் இதைச் செய்ய இறக்குமதிச் சரக்கு எதுவும் தேவையில்லை. மீன் தென்பெண்ணைக் கரையில் கிடைக்கிறது, நிறம் கர்நாடகத்திலிருந்து வருகிறது, வாசனை கொல்லைத் தொட்டியிலேயே இருக்கிறது.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களை 1755 முதல் பிரிட்டிஷார் விரட்டினார்கள். அகேடியர்கள் எனப்பட்ட அவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறினர். அவர்களின் வழிவந்தவர்களே கேஜன்கள். கிரியோல் சமையலோ நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைப்பக்குவங்கள் கலந்து உருவானது. கிரியோல் குழம்பில் தக்காளி தாராளமாக இருக்கும், கேஜன் சமையலில் அது அரிது. இரண்டுக்கும் பொது அடித்தளம் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும்தான். மசாலா கருகச் சுட்ட மீன் மட்டும் பழைய கிராமத்துப் பண்டம் அல்ல. 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்த பால் ப்ருடோம் என்ற சமையல்காரர் பிரபலப்படுத்தியது அது. அவர் கையாண்ட ரெட்ஃபிஷ் மீனுக்கு நாடெங்கும் கிராக்கி எழுந்து, 1980-களின் பிற்பகுதியில் மெக்சிகோ வளைகுடாவில் அதைப் பிடிக்கவே கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மீன் வறுவல் என்றதும் நினைவுக்கு வருவது கே.ஆர்.பி. அணை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, 1950-களில் கட்டப்பட்ட இந்த அணைக்கு வருகிறது. கரையோரக் கடைகளில் மீனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், கழுவி, குறுக்கே கீறி, சிவந்த மசாலா விழுதைத் தடவி, அகன்ற வாணலியில் பொரித்துத் தருவார்கள். அந்தக் கீறல் மசாலா இறங்குவதற்கு மட்டுமன்று. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களின் தசைக்குள் கவட்டை வடிவில் நுண்ணிய முட்கள் பொதிந்திருக்கும். நெருக்கமாகக் கீறிப் பொரித்தால் கொதிக்கும் எண்ணெய் அவற்றை எட்டி மொறுமொறுப்பாக்கிவிடும். ஆனால் இவ்வகை மீனிலிருந்து முள்ளில்லாத் துண்டு எடுப்பது வீண் வேலை.

அதற்கு ஏற்றது திலேப்பியா, ஊர் வழக்கில் ஜிலேபி. அதன் தசைக்குள் அந்தக் கவட்டை முட்கள் இல்லை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் ஜிலேபி சீக்கிரம் குஞ்சு பொரித்துக் குளத்தை நிறைத்துவிடும், ஆனால் உருவில் சிறுத்தே இருக்கும். பிலிப்பைன்ஸில் 1988-இல் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத் திட்டத்தில் உருவான ‘கிஃப்ட்’ திலேப்பியாதான் துண்டு போடுகிற அளவுக்குச் சதைப்பற்றுள்ளது. எப்படிப் பார்த்தாலும் மீனின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் துண்டாகத் தேறும். அரைக் கிலோ துண்டுக்கு ஒன்றரைக் கிலோ மீன் வாங்க வேண்டும். தலையும் நடுமுள்ளும் குழம்புக்குப் போகும் வீட்டில் இது நட்டமல்ல. வெட்ட நேரமில்லாதவர்களுக்குச் சூப்பர் மார்க்கெட்டின் உறைந்த பாசா மீன் இருக்கிறது. மென்மையானது, ஆனால் உருகும்போது நிறையத் தண்ணீர் விடும்.

நன்னீர் மீனின் பெரிய குறை சேற்று வாடை. நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதற்குக் காரணம். முதல் மழையில் எழும் மண்வாசனையிலும் இதே பொருள்தான் முக்கியப் பங்கு வகிக்கிறது. மண்ணில் மணக்கும் அது மீனில் முகம் சுளிக்க வைக்கிறது. அது கொழுப்பில் தங்குவது என்பதால் தோலையும், துண்டின் நடுவே ஓடும் செங்கருப்புத் தசைக் கோட்டையும் நீக்கினால் வாடை வெகுவாகக் குறையும். அமிலம் ஜியோஸ்மினை ஓரளவு மணமற்ற பொருளாக மாற்றுவதால், எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ கலந்த நீரில் பத்து நிமிடம் ஊற வைப்பதும் பலன் தரும். அதற்கு மேல் ஊறினால் அமிலம் புரதத்தைத் திரித்து மீனை மாவு போலாக்கிவிடும்.

அடுத்தது மசாலா. கடைகளில் விற்கும் கேஜன் பொடியில் பாப்ரிகா, கெயென் மிளகாய், பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, மிளகு, தைம், ஆரிகானோ ஆகியவை இருக்கும். பாப்ரிகா என்பது நிறம் மிகுந்து காரம் குறைந்த மிளகாய்ப்பொடி. அந்த வேலையை அப்படியே செய்கிறது கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி மிளகாய். 2011-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சுருங்கிய தோல் மிளகாய் எல்லையோரச் சந்தைகளுக்குப் புதிதல்ல. சாயப்பொடி தூவிச் சிவக்க வைத்த வறுவலைவிடப் பியாடகி தரும் சிவப்பு கண்ணுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. கெயெனுக்குப் பதில் குண்டூர் மிளகாய் கொஞ்சம் போதும்.

தைம் இலையின் மணத்துக்குக் காரணமான தைமால், ஓம எண்ணெயின் முக்கியக் கூறு. ஆரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், கற்பூரவல்லியில் உண்டு. கரீபியத் தீவுகளின் சமையலில் ஆரிகானோவுக்குப் பதிலாகக் கற்பூரவல்லி இலையையே போடுவதும் உண்டு. ஆகவே சளிக்குக் கஷாயம் வைக்கும் செடியை மீனில் போடத் தயங்க வேண்டியதில்லை. ஓமம் மட்டும் அளவோடு இருக்க வேண்டும், ஒரு சிட்டிகை கூடினாலும் மீன் மருந்து வாடை அடிக்கும்.

அரைக் கிலோ மீனுக்கு ஒரு மேசைக்கரண்டி பியாடகிப் பொடி, பூண்டுப்பொடியும் வெங்காயப்பொடியும் ஒவ்வொரு தேக்கரண்டி, மிளகுப்பொடியும் காரமிளகாய்ப் பொடியும் அரை அரைத் தேக்கரண்டி, வறுத்து நுணுக்கிய ஓமம் கால் தேக்கரண்டி, நிழலில் உலர்த்திக் கசக்கிய கற்பூரவல்லி இலை இரண்டு, உப்பு முக்கால் தேக்கரண்டி. இஞ்சி பூண்டு விழுதைத் தடவும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை மீனின் மேற்பரப்பு நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டாது. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுமணமும் உண்டாக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் பொடி உலர்ந்ததாக இருக்க வேண்டும், துண்டையும் துணியால் நன்றாக ஒற்றியெடுக்க வேண்டும். உறைந்த பாசாவில் பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த ஒற்றல்தான். அவர்கள் கல்லில் மீன் வறுபடாது, வேகும்.

மிளகாயின் செந்நிறமும் காரமும் கொழுப்பில் கரைபவை. பொடிக்கு முன் வெண்ணெய் பூசுவது ஒட்டுவதற்கு மட்டுமன்று, அந்த இரண்டையும் வெளியே இழுப்பதற்கும்தான். வெண்ணெயின் பால்கசடு சீக்கிரம் கருகும். மூலப் பக்குவத்தில் அந்தக் கருகலே விரும்பப்படுகிறது. வீட்டு அடுப்பில் நெய் தேவலை. இரும்பு தோசைக்கல் இதற்கென்றே செய்தது போன்றது. அதன் கனம் சூட்டைத் தேக்கி வைப்பதால் குளிர்ந்த மீன் விழுந்தாலும் சட்டென்று ஆறாது. நான்ஸ்டிக் கல்லை இவ்வளவு சூடாக்கக் கூடாது, 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். ப்ருடோமே இதை வீட்டுக்கு வெளியே செய்வது நல்லது என்றவர்தான். சிப்காட் பக்கத்து ஒற்றைச் சன்னல் குடியிருப்பில் மிளகாய் நெடி கிளம்பினால் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து இருமுவார்கள். அங்கே கல்லை மிதமாகக் காயவிட்டு, கருப்பாக்காமல் கருஞ்சிவப்போடு நிறுத்திக்கொள்வதே முறை.

ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துண்டுக்கு ஒரு புறம் இரண்டு முதல் மூன்று நிமிடம் போதும். மீன் தசை நீண்ட நாரல்ல. மெல்லிய இணைப்புத் திசு பிடித்திருக்கும் குறுகிய அடுக்குகள் அது. அந்தத் திசு ஆட்டிறைச்சியை விடக் குறைந்த சூட்டிலேயே இளகும். உள்வெப்பம் 63 டிகிரியை எட்டினால் மீன் வெந்துவிட்டது. கத்தி முனையால் நெருடும்போது அடுக்கடுக்காகப் பிரிந்து, கண்ணாடித்தன்மை மறைந்து வெளுத்திருந்தால் இறக்கலாம். அதற்கு மேல் விட்டால் புரதம் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும், துண்டு சக்கையாகும். ஒருமுறைதான் திருப்ப வேண்டும். மேலோடு கெட்டிப்பட்டதும் துண்டு தானாகவே கல்லை விடும், அதற்குமுன் கரண்டியை நுழைத்தால் மசாலா கல்லோடு தங்கிவிடும்.

கிரியோல் முறை வேண்டுவோருக்கு இந்த வட்டாரம் இன்னும் வசதி. ராயக்கோட்டைத் தக்காளியும் ஓசூர் பசுமைக்குடில் குடைமிளகாயும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றையும் எண்ணெயில் வதக்கி, பூண்டும் தக்காளியும் அதே பொடியில் ஒரு கரண்டியும் சேர்த்து இருபது நிமிடம் சுண்ட விட வேண்டும். பிறகு மீன்துண்டுகளைப் பச்சையாகவே அதன்மேல் பரப்பி, மூடி, சிறு தீயில் ஆறேழு நிமிடம் வைத்தால் வெந்துவிடும். இதைக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் போதும். சோற்றோடு உண்பதே லூசியானா வழக்கமும்.

மீந்த பொடியை இருட்டில், காற்றுப்புகாத புட்டியில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் பியாடகியின் நிறம் வெளுக்கும். உப்பைக் கலக்காமல் வைத்தால் மழைக்காலத்தில் கட்டி பிடிக்காது.