கறவைப் பசுவைத் துப்புரவு செய்யும் உபகரணங்கள்: தெரிவும் பயன்பாடும்

கறவைப் பசுவின் உடலில் படிந்த சாணம், சேறு, உதிர்ந்த மயிர் என்பவற்றை அகற்றும் பொருட்டு அதன் உடலைத் தேய்த்துவிடுதல் அன்றாடப் பராமரிப்பின் ஒரு பகுதியாகும். விவசாய பாட விடைத்தாள்களில் மாணவர்கள் இதனை ஒரே வரியில் கடந்துவிடுவதுண்டு. ஆனால் பசறை, ஹாலி-எல, தெமோதரை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ பசுக்களை வளர்க்கும் குடும்பத்துக்கு இது வருமானத்தோடு தொடர்புடைய விடயம். பெரட்டுக்குப் போகுமுன் கறந்து அனுப்பிய பால் சேகரிப்பு நிலையத்தில் திருப்பப்பட்டால், அந்த வேளை உழைப்பு வீணே.

பசுவின் மயிரிலும் காய்ந்த சாணத்திலும் பற்றீரியாக்கள் பெருமளவில் உள்ளன. அவை பாலில் விழுந்தால் இலற்றோசு வெல்லத்தை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை கூடிய பால் சேகரிப்பு நிலையத்தில் செய்யப்படும் அற்ககோல் சோதனையில் திரளும். வடிகட்டினால் மயிரும் தூசும் நீங்கும், பற்றீரியாக்கள் நீங்கா. ஆகவே அழுக்கைப் பாலுக்கு வருமுன்னரே உடலில் வைத்துத் தடுக்க வேண்டும்.

உடலைத் தேய்க்கும் உபகரணங்கள் பல குதிரை லாயங்களில் பெரிதும் பயன்படுபவை. நுவரெலியாப் பந்தயத் திடலில் ஓடும் குதிரைகளுக்கு இறப்பர்ச் சீப்பு, வன்தூரிகை, மென்தூரிகை, குளம்பைச் சுரண்டும் கொக்கி எனத் தனித்தனியே வைத்திருப்பர். குதிரை தேய்க்கும் சீப்புக்குக் குரப்பம் என்ற பெயர் தமிழில் உண்டு. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க. லாயத்தில் காணப்படும் பல்வரிசை கொண்ட இரும்புச் சீப்பு பெரும்பாலும் குதிரையின் தோலுக்கு அன்று, தூரிகையில் சேர்ந்த அழுக்கை உரசி எடுப்பதற்கே பயன்படுகின்றது. இதை அறியாமல் இரும்புச் சீப்பையோ துருச் சுரண்டும் கம்பித் தூரிகையையோ பசுவின் உடலில் போட்டு இழுத்தால் தோல் கீறும். வலி கண்ட பசுவில் அதிரினலீன் சுரக்கும். பாலை இறங்கச் செய்யும் ஒட்சிற்றோசினின் செயல் தடைப்படும். பசு பாலை 'அடக்குகிறது' என்று வீட்டில் சொல்வது பல வேளைகளில் இதுவே.

ஒரு சிறு மாட்டுப்பட்டிக்கு மூன்று பொருள்கள் போதும். காய்ந்த சேற்றை உதிர்க்க ஓர் இறப்பர்ச் சீப்பு, மயிரைத் துலக்க ஒரு தும்புத் தூரிகை அல்லது நைலோன் தூரிகை, முகத்துக்கும் மடிக்கும் மென்மையான பருத்தித் துணி. தூரிகையை வாங்குமுன் உங்கள் முன்கையின் உட்புறத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவந்த கோடு விழுந்தால் அது பசுவுக்கும் கடினமானது. கைப்பிடி நனைந்தாலும் வழுக்காததாக இருக்க வேண்டும்.

கழுத்திலிருந்து தொடங்கி பின்புறம் நோக்கிச் செல்க. இறப்பர்ச் சீப்பை வட்டமாகவும் தூரிகையை மயிர் வளரும் திசையிலும் செலுத்த வேண்டும். முழங்கால், இடுப்பெலும்பு போன்ற எலும்பு புடைத்த இடங்களில் சீப்பு வேண்டாம். கறப்பதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்னராவது தேய்த்து முடிக்க வேண்டும். இல்லையேல் எழுந்த தூசும் மயிரும் பால் வாளியில் விழும். "கறப்பதற்குச் சற்று முன்னர் பசுவைத் தேய்த்தல் பொருத்தமற்றது, காரணம் தருக" என வினா வந்தால் விடை இதுதான்.

ஊவாவில் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூலை முதல் செத்தெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்தில் உலர் தூரிகையே போதுமானது. வடகீழ்ப் பருவக்காற்று மழையில் பட்டி சேறாகும். ஆனாலும் பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் பசுவைத் தினமும் குளிப்பாட்டுவது நன்றன்று. சேற்றைக் காயவிட்டுத் துலக்குவதே மேல். மடியிலும் வாலின் நுனியிலும் வளரும் நீண்ட மயிரைக் கத்தரித்தால் சாணம் ஒட்டுவது குறையும்.

இனி, மூன்றிலும் மலிவானதும் ஆபத்தானதுமான துணிக்கு வருவோம். தூரிகை இல்லாத பட்டியிலும் ஒரு துணி இருக்கும். அதே துணியால் இரண்டு பசுக்களின் மடியும் துடைக்கப்படும். தொற்றும் மடியழற்சிப் பற்றீரியாக்கள் ஒரு மடியிலிருந்து மற்றதற்குச் செல்வது கறப்பவரின் கையாலும் இத்தகைய பொதுத் துணியாலுமே. சுத்தமாக்கும் பொருளே நோய்க்காவியாகி விடுகின்றது. மடியழற்சி கண்ட காம்பில் பால் பழைய அளவுக்குத் திரும்பாமலே போகலாம். பழைய பருத்திச் சேலையைத் துண்டுகளாக வெட்டி, ஒரு பசுவுக்கு ஒரு வேளைக்கு ஒரு துண்டு என வைத்துக்கொள்ளச் செலவேதும் இல்லை. பயன்படுத்திய துண்டுகளைக் கொதிநீரில் இட்டு, அலசி, நன்கு உலர்த்த வேண்டும்.

மடியில் நீரை வாரி ஊற்றுவதும் தவறு. ஈர மடியிலிருந்து வடியும் அழுக்கு நீர் காம்பு வழியே வாளியில் இறங்கும். அழுக்கான காம்பை மட்டும் கழுவி உடனே உலரத் துடைக்க வேண்டும். முதற் பீச்சல்களைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் எடுத்துக் கட்டி உண்டா எனப் பார்க்க வேண்டும். நோயுள்ள பசுவைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்தபின் காம்புகளை அதற்குரிய அயடீன் கரைசலில் தோய்த்து, பசுவுக்குப் புல் போடுங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமோ கூடவோ எடுக்கும். தின்று கொண்டு நிற்கும் பசு அதுவரை சாணத்தில் படுக்காது.

உண்ணிக்குத் தூரிகை பயன்படாது. காதின் உட்புறம், அலைதாடி, தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்த்து, சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுத்து, சவர்க்கார நீரில் இட வேண்டும். நிலத்தில் எறிந்தால் இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். பிரிசியன், அயர்ஷயர் போன்ற ஐரோப்பிய இனங்கள் உண்ணிக் காய்ச்சலை எளிதில் தாங்கா.

வட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்குத் தோன்றினால் அது படர்தாமரையாக இருக்கலாம். இந்தப் பங்கசு நோய் தூரிகை வழியே மற்றப் பசுவுக்கும், தேய்ப்பவரின் கைக்கும் தொற்றும். அப்பசுவின் தூரிகையைத் தனியே வைத்து, கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்ட வேண்டும். ஏனைய தூரிகைகளைச் சவர்க்காரத்தால் கழுவி வெயிலில் காயவிடுக. மார்கழி, தை மழையில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. அதனால் இரண்டு தூரிகைகளை வைத்து ஒன்று இறவாரத்தில் காற்றுப்பட, தும்பு கீழ்நோக்கித் தொங்க, மற்றதைப் பயன்படுத்தலாம்.