கிட்டப்பாவின் இசைத்தட்டுகளும் அவற்றின் மறுபதிப்புகளும்

தென்காசிக்கு மேற்கே குற்றாலமும் செங்கோட்டையும் ஒன்றற்கொன்று அணித்தாக அமைந்துள்ளன. ஆனி, ஆடித் திங்களிற் சாரல் தொடங்கியதும் நாற்றிசையினின்றும் மக்கள் குற்றாலத்தில் வந்து குழுமுகின்றனர். அவருட் பெரும்பாலார் பேரருவியில் நீராடி மீள்வர். ஐந்தருவியையும் நாடிச் செல்வோர் சிலர். மலைமேலுள்ள செண்பகாதேவி அருவியைக் கண்டோர் மிகச் சிலரே. இப்பகுதியிற் பிறந்த இசைவாணர் ஒருவரின் பாடல்களுக்கும் இந்நிலையே வாய்த்துள்ளது. அவர்தாம் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா.

கிட்டப்பா 1906-ஆம் ஆண்டு பிறந்தார். செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ல் நம் மாநிலத்தோடு இணைந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்துள் அடங்குகின்றது. இளம்பிராயத்திலேயே நாடகமேடை ஏறிய அவர், கன்னையா கம்பெனியின் நாடகங்களாற் பெரும்புகழ் எய்தினார், கே. பி. சுந்தராம்பாளை மணந்து அவருடன் இணைந்தும் நடித்தார். 1933 டிசம்பர் 2-ஆம் நாள், இருபத்தேழாவது வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். எம்மினும் எட்டாண்டே மூத்த பருவத்தில் அக்குரல் அடங்கிற்று என்று எண்ணுங்கால் எம் உள்ளம் துணுக்குறுகின்றது.

முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. ஆயினும் கிட்டப்பா எப்படத்திலும் நடித்தாரில்லை. ஒலிபெருக்கி பரவாத காலத்துக் கொட்டகைகளில் மேல் ஸ்தாயியில் எளிதாக உலவிய அக்குரலுக்கு, இன்று நம் செவிக்கு எட்டும் சான்றாக எஞ்சியிருப்பவை கிராமபோன் இசைத்தட்டுகளே. அவற்றுள்ளும் 'எவரனி' என்னும் தியாகராஜர் கீர்த்தனையும், 'வள்ளி திருமண' நாடகத்தின் 'காயாத கானகத்தே' என்னும் பாடலும் போன்ற சிலவே மீண்டும் மீண்டும் வெளியிடப்படுகின்றன. ஏனைய தட்டுகளின் கதி யாது? அவற்றின் மறுபதிப்புகளைத் தேடிச் சேர்ப்போர் எவற்றை ஆராய்தல் வேண்டும்? இவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய இசைத்தட்டு அரக்கினைக் கலந்து செய்யப்பட்டது, கைதவறினால் நொறுங்குவது. பெரும்பான்மைத் தட்டுகள் பத்து அங்குல விட்டமுடையவை. நிமிடத்திற்கு ஏறக்குறைய 78 சுற்றுச் சுழல்பவை. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். ஆதலின் நாடகமேடையில் நெடுநேரம் விரித்துப் பாடிய விருத்தத்தையும் பாடகர் அம்மூன்று நிமிடத்துள் சுருக்க வேண்டியவரானார். எதனை விடுத்தார், எதனை நிறுத்தினார், எச்சொல்லை நீட்டினார் என்பனவெல்லாம் தமிழ் பயில்வார்க்கு நல்ல பாடங்கள். அச்சிட்ட நாடக நூல் பாட்டின் சொல்லைத் தரும். அச்சொல் அரங்கில் ஒலித்த வகையைத் தட்டே தரும்.

பின்னர் எல்.பி. எனப்படும் நெடுநேரத் தட்டும், அதன்பின் ஒலிநாடாவும், குறுந்தட்டும், இணையப் பதிவும் முறையே வந்தன. இவை ஒவ்வொன்றிலும் பழம்பாடல்கள் பெயர்த்தெழுதப்பட்டன. பெயர்த்தெழுதுவோர் விலைபோகக்கூடிய பாடல்களையே முதலில் தெரிந்தெடுத்தல் இயல்பு. இதனால் ஒரு தட்டின் ஒரு பக்கம் உலகெங்கும் ஒலிக்க, மறுபக்கம் ஊமையாகிவிடுகின்றது.

இங்கு வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கிராமபோனின் எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டின் வரிப்பள்ளத்தைச் சிறிது தேய்க்கும். எல்லோரும் விரும்பிய பாடலின் தட்டுகள் பல வீடுகளில் எஞ்சியிருக்கும். ஆனால் அவை மிகத் தேய்ந்திருத்தல் கூடும். அருகியே வழங்கிய பாடலின் தட்டு கிடைப்பது அரிது. கிடைப்பின், ஊசி அதிகம் உழாத அதன் வரிகளில் குரல் தெளிவாக நின்றிருக்கும். எனவே பலரறியாப் பாடல்களைத் தேடுதல் எண்ணிக்கையைப் பெருக்குதற்கு மாத்திரம் அன்று. கிட்டப்பாவின் உண்மைக் குரலை அணுகுதற்கும் அதுவே ஒரு வழியாம்.

மறுபதிப்பைக் கொள்வோர் மூன்றினை நோக்குதல் வேண்டும். முதலாவது, வேகம். 78 சுற்று என்று பெயரே அன்றி, அக்காலத்தில் அதற்குச் சற்று முன்பின்னாகப் பதித்தலும் உண்டு. சுழலும் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மிகுந்தால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். குறைந்தால் அவ்வாறே இறங்கிவிடும். எம்மிடமுள்ள மூன்று மறுபதிப்புகளில் ஒரே பாடல் மூன்று சுருதியில் ஒலிக்கின்றது. உச்ச சுருதிக்கே பெயர்பெற்ற ஒருவரைப் பற்றி, அவர் பாடிய கட்டை எதுவென்று இவற்றுள் ஒன்றைமட்டும் கேட்டுத் தீர்மானித்தல் எங்ஙனம்?

இரண்டாவது, இரைச்சலை நீக்கும் முறை. தட்டின் கரகரப்பை முற்றும் துடைக்க முயல்வோர், அதனோடு குரலின் கூர்மையையும் மெய்யெழுத்துகளின் உரசலையும் துடைத்துவிடுகின்றனர். சிறிது இரைச்சலோடு கூடிய பதிப்பே பலகாலும் மேலானது.

மூன்றாவது, அடையாளம். தட்டின் நடுவிலுள்ள சீட்டில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். சீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் பதிவெண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே பாடலை இருமுறை பதிந்திருப்பின் அதனைக் காட்டிக்கொடுப்பது இப்பதிவெண்ணே. இவ்வெண்களையும், மறுபக்கத்துப் பாடலின் பெயரையும் குறியாத மறுபதிப்பு, பாயிரமும் பதிப்பாண்டும் இழந்த ஏட்டை ஒக்கும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் நாம், இசைத்தட்டுகளிலும் அம்முறையைக் கைக்கொள்ளுதல் தகும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளிவந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் அறுபது ஆண்டளவே நிற்கும். ஆகவே 1933-க்குள் வெளிவந்த தட்டுகளின் பதிவுரிமை முன்னரே ஒழிந்துவிட்டது. பாடலின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு. அது இயற்றியவரின் ஆயுளைப் பொறுத்தது. பதிவுகளைப் பொறுத்தவரை அவை இன்று பொதுச்சொத்து. அவற்றைக் காக்கும் கடமையும் அவ்வாறே பொதுவாகிவிட்டது.

அக்கடமையை எங்குத் தொடங்குவது? தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவ நண்பர்கள் தம் இல்லங்களின் பரண்களை ஒருமுறை நோக்குவார்களாக. தட்டு அகப்படின் அதனைப் பழைய கிராமபோனில் ஏற்றுதல் கூடாது. ஸ்பிரிட்டினால் துடைத்தல் அறவே ஆகாது. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்தே மரத்திற்கு மெருகிடுகின்றனர் என்பதை நினைவிற் கொள்க. மென்துணியாற் தூசியை அகற்றி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி நிறுத்துக. இருபக்கச் சீட்டுகளையும் எண்களையும் எழுதிக்கொள்க; தக்க கருவியுடையாரிடம் கொடுத்து இருபக்கத்தையும் பெயர்த்தெழுதச் செய்க. பாட்டின் சொற்களை அச்சிட்டு விற்ற சிறு புத்தகங்கள் உடனிருப்பின் அவற்றையும் எறியாது பேணுக.

அரக்குத் தட்டு உடைந்தால் உடைந்ததே. ஏடு அழியின் பெயர்த்தெழுதிய மற்றோர் ஏடேனும் இருத்தல் கூடும். இறுதியாக எஞ்சிய தட்டு நொறுங்கின் அக்குரலின் மூன்று நிமிடம் என்றென்றைக்கும் மறையும். பேரருவி ஒன்றையே குற்றாலமென்று கொள்வார் மலையின் வளத்தை அறியார். கிட்டப்பாவின் இரண்டொரு பாடல்களோடு அமையாது, எஞ்சியவற்றையும் நாடிக் கேட்டுக் காப்பதற்கு நம் தலைமுறைக்கு இன்னும் சிறிது காலம் உள்ளது.