குடித்தனக் கணக்கும் குடும்ப வழக்கும்

காவேரிப் பாசனப் பகுதிகளில் சம்பா அறுவடையானதும் நெல்லைக் களத்தில் குவித்து, குடும்பத்தார் யாவரும் சூழ நின்றிருக்க மரக்காலால் அளப்பது முற்காலத்து வழக்கம். முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று சொல்லியே அளவு தொடங்கும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அவ்வருஷம் எத்தனை கலம் கண்டது, அறுப்புக் கூலிக்கு எவ்வளவு போயிற்று, விதைக்கு எவ்வளவு நிறுத்தப்பட்டது, குதிருக்கு எவ்வளவு சென்றது என்பவை அளந்தவருக்கு மட்டுமன்றி வேடிக்கை பார்த்து நின்ற சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தன. சிறு குடும்பங்களில் அக்கணக்கை எழுதி வைத்தவர் அரியர். எழுதாவிடினும் களமே ஒரு பேரேடு போல் இருந்து வந்தது.

இப்பொழுது இயந்திரம் வயலிலேயே அறுத்து நெல்லைப் பிரித்துத் தருகிறது. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குச் செல்கிறது. அதன் விலை, பதிவு செய்துகொண்ட ஒருவருடைய வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இடையில் நிற்பவர் எவரும் கை வைக்க இயலாமையால் இம்முறை நல்லதே. ஆயினும் குடும்பத்தின் அரை வருஷத்து உழைப்பு முழுவதும் ஒருவருடைய கைபேசியில் ஒரு வரிச் செய்தியாக வந்து சேர்ந்துவிடுகிறபடியால், மற்றவர் கண்ணில் அது படுவதே இல்லை. களத்தில் தானாகவே வெளியான கணக்கை இனி ஒருவர் முயன்று வெளியிட வேண்டியதாயிற்று. இம்மாறுதலைக் கவனியாத வீடுகளில், பணம் போதிய அளவு இருந்தும் சகோதரர்களிடையே ஐயமும் பின்னர் வழக்கும் தோன்றுகின்றன.

கணக்கு எழுதுவது குடியானவர்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்வது பொருந்தாது. மொய் நோட்டு இல்லாத வீடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரிது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி ஆகிய பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்துகளில் பெயரும் ஊரும் தொகையும் தவறாமல் பதியப்பெற்று, பல வருஷங்களுக்குப் பின்னும் அந்நோட்டைப் பார்த்தே திருப்பிச் செய்யப்படுகின்றன. அயலூரார் வைத்த ஐந்நூறு ரூபாய்க்கு உள்ள எழுத்து, உடன்பிறந்தவர் அனுப்பிய ஐம்பதினாயிரத்துக்கு இல்லாமற் போவானேன்? சொந்தத்துக்குள் எழுதினால் நம்பிக்கைக் குறைவாகும் என்ற கூச்சமே காரணம். மொய் எழுதுகிறவரை நம்பிக்கையற்றவர் என்று ஒருவரும் சொல்வதில்லை.

உதாரணமாக நான்கு ஏக்கர் நன்செய் உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தந்தை காலமாகிவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. மூத்தவர் ஊரில் தங்கிப் பயிரிடுகிறார். இளையவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து மாதம் 5,000 ரூபாய் அண்ணனுக்கு அனுப்புகிறார். தங்கை மணமாகி அயலூரில் இருக்கிறார். தாயார் மூத்தவரோடு வசிக்கிறார். ஆறு வருஷத்தில் இளையவர் அனுப்பிய தொகை 3,60,000 ரூபாய். அதில் ஒரு பகுதி தாயாரின் வைத்தியத்துக்கும், ஒரு பகுதி ஆழ்குழாய்க் கிணற்றுக்கும், மீதி மழை பொய்த்த ஒரு வருஷத்து வீட்டுச் செலவுக்கும் சென்றது. ஒரு காசும் வீணாகவில்லை. ஏழாம் வருஷம் இளையவர் தம் பிள்ளையின் படிப்புக்காகப் பணம் கேட்கிறார்.

"நான் அனுப்பியது எங்கே, அண்ணா?" என்பது தம்பியின் கேள்வி. "ஆறு வருஷம் நான் சேற்றில் நின்றதற்குக் கூலி எங்கே, தம்பி?" என்பது அண்ணனின் மறுமொழி.

இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தம்பி அப்பணத்தைத் தம்முடைய சேமிப்பு என்று எண்ணினார். அண்ணன் அதைப் பொதுக் குடும்பத்துக்குத் தம்பி செலுத்தும் பங்கு என்று எண்ணினார். தாயாரோ, மகன் தமக்காக அனுப்புவது என்றே எண்ணியிருந்தார். ஒரே தொகைக்கு மூவர் மூன்று பெயர் வைத்திருந்தனர். எந்தப் பெயரும் எழுத்தில் இல்லை. அனுப்பிய முதல் மாதத்திலேயே 'இது கடன்', 'இது அம்மாவின் செலவுக்கு', 'இது கிணற்றில் என் பங்கு' என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் ஏழாம் வருஷத்துப் பேச்சு வேறு வகையாய் நடந்திருக்கும். அதிலும் ஆழ்குழாய்க் கிணற்றைப் பற்றிய எழுத்து மிக அவசியம். பாகம் பிரிக்கும்போது கிணறு ஒருவர் வயலில் விழும். அதற்குப் பணம் போட்டவர் மற்றொருவராயிருப்பின், தண்ணீர்ப் பாத்தியதையா, ரொக்கமா என்ற சண்டை அங்கேதான் முளைக்கும்.

அண்ணனின் உழைப்புக்கு மதிப்பிடுவது எங்ஙனம் என்ற கேள்விக்குக் கிராமத்திலேயே விடை இருக்கிறது. அதே நிலத்தை வெளியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டால் என்ன வரும் என்று விசாரித்தறிவது எளிது. ஏக்கருக்கு 9 மூட்டை என்று வைத்துக்கொண்டால் நான்கு ஏக்கருக்கு 36 மூட்டை. இது நிலத்துக்குரிய வருமானம். பாத்தியதை உள்ள எல்லோரையும் சேர்ந்தது. தாயார், இரு பிள்ளைகள், மகள் ஆகிய நால்வருக்கும் ஒப்பான உரிமை என்றால் ஆளுக்கு 9 மூட்டை ஆகும். அதற்கு மேற்பட்ட மகசூலிலிருந்து சாகுபடிச் செலவு போக நிற்பது பயிரிட்டவருடைய உழைப்புக்கு உரியது. நஷ்டம் வந்தாலும் அவரைச் சேர்ந்ததே. வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் போன வருஷத்தில் குத்தகைதாரருக்குக் குறைத்துக்கொடுப்பது போலவே சகோதரருக்கும் குறைத்துக்கொள்ளுதல் முறை. பங்கை ஒருவர் வாங்கிக்கொள்ளாமல் விட்டுக்கொடுப்பதும் உண்டு. அதுவும் நோட்டில் ஏறினால், விட்டுக்கொடுத்தவரின் பெருந்தன்மை மறக்கப்படாமல் இருக்கும்.

நோட்டு எழுதும் முறை எளிதாய் இருத்தல் வேண்டும். கடினமான முறை தை மாதத்தில் தொடங்கிப் பங்குனியில் நின்றுவிடும். சாகுபடிக்கு ஒரு பக்கம், வீட்டுச் செலவுக்கு ஒரு பக்கம், குடும்பத்தாருக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பக்கம் என மூன்று இருந்தால் போதும். பயிர்க்கடன் பணத்தில் பள்ளிச் சம்பளம் கட்டுவதும், பால் விற்ற பணத்தில் யூரியா வாங்குவதும் எல்லா வீடுகளிலும் நடப்பவையே. அதில் குற்றமில்லை, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் பணம் போயிற்று என்று தெரியாமற் போவதே குற்றம். வீட்டுக்கு நிறுத்திய நெல்லையும், சொந்த மாட்டுக்குப் போட்ட வைக்கோலையும் அன்றைய விலைக்குச் சாகுபடி வரவில் சேர்க்க வேண்டும். அவை சேராவிடில் நிலம் நஷ்டத்தில் நடப்பது போலத் தோன்றி, விற்றுவிடலாம் என்ற யோசனை வெளியூரிலிருப்பவருக்கு எழும்.

வருமானம் வருஷத்தில் ஒரு முறையோ இரு முறையோ குவியலாக வருவதும், செலவு நாள்தோறும் சொட்டுச் சொட்டாகப் போவதும் குடியானவர் குடும்பத்துக்கே உரிய கஷ்டம். தை, மாசியில் கையிலிருக்கும் பணம் ஆனியில் பள்ளி திறக்கும்போது பாதியாகி, ஐப்பசியில் தீபாவளிக்கு முன் தீர்ந்துவிடுகிறது. விதைநெல்லைக் குதிரிலிருந்து எடுத்து உண்ண மனம் வராத குடியானவர், அடுத்த சாகுபடிக்கு வேண்டிய ரொக்கத்தை எடுத்துச் செலவழிக்க அவ்வளவு யோசிப்பதில்லை. இரண்டும் ஒன்றேயாம். கொள்முதல் பணம் ஏறியவுடன் உழவு, விதை, உரம், நடவுக் கூலி ஆகியவற்றுக்கு வேண்டியதை வேறு கணக்கில் ஒதுக்கி, கடன் தவணையையும் பள்ளிச் செலவையும் நீக்கி, மிஞ்சியதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதச் செலவின் எல்லை தெரியும். மிச்சம் 1,80,000 ரூபாய் எனின் மாதத்துக்கு 15,000. இந்த எண்ணை வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருந்தால் கேட்பவரும் அளவறிந்து கேட்பர். மறுப்பவர் மீதும் வருத்தம் உண்டாகாது.

கடன் விஷயத்தில் குடும்பச் சண்டையே நேராக நஷ்டத்தை உண்டாக்குகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கும் பயிர்க்கடனைத் தமிழ்நாட்டில் தவணை தவறாமல் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. நாள் கடந்தால் அச்சலுகை நீங்கி வட்டி ஏறுகிறது. 'அவர் கட்டுவார்' என்று இவரும், 'இவர் கட்டுவார்' என்று அவரும் இருந்துவிட்டுத் தவணையை இழக்கும் சகோதரர்கள் பலர். அதன்பின் தனியாரிடம் செல்கின்றனர். 'மூன்று வட்டி' என்பது கேட்பதற்குச் சிறிதாய் இருப்பினும், நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 36 ரூபாய் ஆகும். 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500. முப்பத்துமூன்று மாதம் கழிந்து பத்தாம் நாளில் முதலுக்குச் சமமான வட்டி போய்விட, முதல் அப்படியே நிற்கும். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டிருக்கிறது.

இவ்விடத்தில் பழைய சங்கதி ஒன்றைச் சொல்லலாம். 1930 ஆம் வருஷத்தையொட்டித் தானிய விலைகள் வீழ்ந்தபோது சென்னை இராஜதானிக் குடியானவர்கள் கடனில் மூழ்கினர். 1938 இல் இராஜாஜி மந்திரிசபை கொணர்ந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முற்பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டியைத் தள்ளியது. முதலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததென்று விதித்தது. ஆனால் இருமடங்கு செலுத்தியதாகச் சொல்கிறவர் அதை மெய்ப்பிக்க வேண்டுமல்லவா? ரசீதும் வரவெழுத்தும் வைத்திருந்தவருக்கே அது எளிதாகும். இன்றும் பிராமிசரி நோட்டின் பேரில் செலுத்தும் ஒவ்வொரு தொகையையும் அந்நோட்டின் பின்புறத்தில் தேதியுடன் எழுதுவித்து, கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். தந்தை தீர்த்துவிட்ட கடனுக்கு நோட்டு மட்டும் வெளியில் தங்கிவிட்டால், அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு உண்மை தெரிய வழியில்லை.

நகைகளைப் பற்றியும் சிறிது கூறுவது அவசியம். சாகுபடிக்குப் பணம் வேண்டுமெனில் முதலில் அடகுக்குச் செல்வது மருமகளின் நகையே. சீதனம் பெண்ணுக்கே உரியது. கணவரிடமோ மாமியாரிடமோ இருப்பினும் அது ஒப்படைத்து வைத்த பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1985 இல் தீர்ப்புக் கூறியுள்ளது. ஆதலால் யாருடைய நகை, எத்தனை கிராம், எந்தத் தேதியில், எந்தப் பயிருக்காக வைக்கப்பட்டது என்பது நோட்டில் இருக்க வேண்டும். மீட்பதற்குரிய பொறுப்பு வீட்டுச் செலவுப் பக்கத்தை விட்டுச் சாகுபடிப் பக்கத்தில் ஏற வேண்டும். இவ்வாறே, மகளிர் சுய உதவிக் குழுவில் பெண்கள் வாங்கும் கடனும் வீட்டுக்காகச் செலவானால் வீட்டுக் கடனாகவே எழுதப்படுதல் முறை.

பாகப்பிரிவினையில் பழைய வழக்கத்தை நம்பியிருப்போர் சட்டத்தின் மாறுதலை அறிதல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, கூர்ச்சீட்டு எழுதி, பெண்மக்களுக்குச் சீர் செய்து முடித்துவிடுவது முன்னாள் முறை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்குமுன் மணமாகாத பெண்மக்களுக்கும், பின்னர் 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியாவெங்கும் மணமானவர் உட்பட எல்லாப் பெண்மக்களுக்கும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்குச் சமமான பிறப்புரிமை உண்டாயிற்று. அத்தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11 இல் தெளிவாக்கியது. பதிவு பெற்ற பத்திரத்தினாலோ நீதிமன்றத் தீர்ப்பினாலோ 2004 டிசம்பர் 20 க்கு முன் முடிந்த பாகங்கள் இதனால் பாதிக்கப்படா. வாய்ப்பேச்சாக நின்ற பாகங்களை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. தங்கை தம் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாயின் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம். குடும்பத்தாருக்குள் எழுதும் இப்பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் வெளியார் கிரயத்தைவிட மிகக் குறைவே. அவர் கையெழுத்தைச் சீர் கொடுத்த கையோடு கேட்பதைவிட, சொத்தின் மதிப்பு இன்னதென்று கூறிய பின் கேட்பது நேர்மை.

கிராம நிர்வாக அலுவலர்கள் இதில் செய்யக்கூடிய உதவி பெரிது. பட்டாதாரர் காலமான செய்தி முதலில் அவர்களுக்கே எட்டுகிறது. வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றும்படி அப்பொழுதே நினைவூட்டினால், இறந்தவர் பெயரில் பட்டா கிடப்பதால் பயிர்க்கடனிலும் இன்சூரன்சிலும் நஷ்ட ஈட்டிலும் வரும் இடையூறுகள் நீங்கும். கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டுமே பயிரிடுமிடத்தில் அடங்கலில் அவர் பெயர் உள்ளபடி ஏறியிருப்பதையும் கவனிக்கலாம்.

சச்சரவு முற்றிவிட்ட குடும்பத்தாரைத் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்புதல் நன்று. பாகத் தாவாவில் பூர்வாங்கத் தீர்ப்பு ஒன்று, அதன்பின் இறுதித் தீர்ப்பு ஒன்று என இரு படிகள் இருப்பதால், வருஷங்கள் கழிந்து, வக்கீல் கட்டணத்துக்காக அதே நிலத்தில் ஒரு துண்டு விற்கப்படுவதும் உண்டு. 1987 ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் நடக்கும் லோக் அதாலத்தில் இரு தரப்பாரும் இசைந்து ஏற்ற முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; அதன்மேல் அப்பீல் இல்லை. ஏற்கெனவே நடக்கும் வழக்கு அங்கே தீர்ந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கிறது. அங்கே செல்பவர்கள் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வங்கிப் புத்தகம் இவற்றோடு வீட்டு நோட்டையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும்.