கணிப்பொறித் திரைக்குள் ஒரு கரும்புள்ளி!

காஞ்சி மாநகரின் பிள்ளையார்பாளையம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற பகுதி. அங்கு நெய்யப்படும் சேலைகளின் கரையிலும் முந்தானையிலும் பூக்கும் மயிலும் மாங்காயும் முன்பெல்லாம் கட்டமிட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரையப்பட்டன. இன்று அப்பணியைப் பெரும்பாலும் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. திரையில் ஒரு கட்டம் மாறினால் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை மாறும். துளை மாறினால் சேலையில் இழை மாறும்.

இத்தகைய திரையில் ஒருநாள் சாம்பல் நிறப் புள்ளியொன்று தோன்றினால் என்னாகும்? துடைத்தாலும் அது போவதில்லை. வடிவத்தின் புள்ளியா, திரையின் கறையா என்று கண் தடுமாறும். பல நாள் உழைப்பில் உருவாகும் சேலையல்லவா? வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கணிப்பொறிக்கும் இதே தொல்லை உண்டு. எனவே இதனை நாம் அறிந்துகொள்வது நலம்.

தூசி எவ்வாறு உள்ளே செல்கிறது?

இன்றைய தட்டைத் திரை ஒற்றைக் கண்ணாடி அன்று. பின்னால் விளக்கு, அதன் முன்னே ஒளியைப் பரப்பும் பலகை, அதன்மேல் மெல்லிய தாள்கள் சில, அவற்றுக்கும் முன்னே திரவப் படிகப் பலகை. சூடு தணிய விடப்பட்ட துளைகள் வழியே காற்றும், காற்றோடு நூல் தும்பும், தெருப்புழுதியும், சமையற்புகையும் நுழைகின்றன. தாள்களுக்கிடையே சிக்கிய தூசி பின்னொளியை மறைக்கிறது. அதுவே நாம் காணும் நிழல். வெளிச்சத்தை நாடும் மிகச் சிறு பூச்சிகளும் உள்ளே புகுவதுண்டு. அவற்றை விரலால் அழுத்தலாகாது. அங்கேயே நசுங்கி நிலைத்த கறையாகிவிடும். உயிரோடு இருந்தால் விளக்கணைத்த பின் தானே வெளியேறக்கூடும்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் படத்தை நகர்த்திப் பாருங்கள். புள்ளியும் உடன் நகர்ந்தால் அது படத்திலுள்ளது. நகராமல் நின்றால் திரையிலுள்ளது.

பிறகு திரை முழுவதையும் வெண்மையாக்குங்கள். ஓரம் மங்கிய சாம்பல் நிழல் தெரிந்தால் பெரும்பாலும் உள்ளே தூசி. கூரிய ஓரமுள்ள மிகச் சிறு கருஞ்சதுரமாயின் செயலிழந்த பிக்சல். கறுப்புப் பின்னணியிலும் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்ந்தால் அது ஒரு நிறத்திலேயே சிக்கிக்கொண்ட பிக்சல். 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் இத்தகைய பிக்சல்கள் 20,73,600 உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் கூர்ந்து நோக்கும் கண்ணுக்குத் தென்பட்டுவிடும்.

செய்யக்கூடாதவை

திரையின் மேல் நேரடியாக நீர் தெளிக்காதீர். ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேற்பூச்சைக் கெடுக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியைச் சற்றே ஈரமாக்கி மெதுவாகத் துடைத்தல் போதும். அழுத்தித் தேய்ப்பதும் கேடே. தாங்களே திரையைப் பிரிக்கவும் முயலாதீர். தூசியுள்ள அறையில் பிரித்தால் ஒரு புள்ளி போய்ப் பத்துப் புள்ளி வரும், உத்தரவாதமும் போய்விடும்.

பழைய குழாய்த்திரை யாரிடமேனும் இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. வண்ணத்திரைக் குழாய்க்குள் சுமார் 25,000 வோல்ட் அழுத்தம் இயங்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கும். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

உரிமையும் கடமையும்

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் அன்று. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் மீது வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். காற்று நுழையும் வழியில் வடிகட்டி இல்லாமையால் தூசி புகுந்து திரையில் கறை படிகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வாங்கிய சில நாளிலேயே கறை தோன்றினால் ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் எடுத்து, திரையைப் படம்பிடித்து, எழுத்து மூலம் முறையிடுங்கள். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட ஆணையத்தை நாட, வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம் உண்டு.

ஆயினும் வருமுன் காப்பதே சிறப்பு. தறியும் அடுப்பும் உள்ள இடத்திலிருந்து கணிப்பொறியைத் தள்ளி வையுங்கள். திரை அணைந்து ஆறிய பின் துணியால் மூடுங்கள். ஓடும்போது மூடினால் சூடு தங்கிவிடும்.

ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 1804-ஆம் ஆண்டு தறிக்கு அமைத்த துளை அட்டையே பின்னாளில் கணிப்பொறிக்கு வழிகாட்டியது. தறி ஈன்ற அறிவு இன்று தறிக்கே திரும்பி வந்து உதவுகிறது. சேலைக்கு நாம் காட்டும் கவனத்தில் சிறிதளவேனும் அத்திரைக்கும் காட்டுவோம்!