கணிப்பொறியில் வரைதலும் உருவமைத்தலும்

காகிதப் படம் பொருளின் ஒரு பக்கத்தையே காட்டும். கணிப்பொறியில் அமையும் உருவமோ நீளம், அகலம், உயரம் மூன்றும் உடையது. முதலில் தளத்தில் கோடும் வட்டமும் வரைந்து, அளவுகளையும், இணை, செங்குத்து முதலிய கட்டுப்பாடுகளையும் விதித்தல் வேண்டும். அவ்வரைபடத்தை நீட்டினால் தண்டும், அச்சைப் பற்றிச் சுழற்றினால் கிண்ணமும் உருவாகும். ஓர் அளவை மாற்றின் சார்ந்த பகுதிகள் யாவும் மாறும்; ஆதலின் அடிப்படையிலுள்ள பிழை உருவம் முழுவதும் பரவும்.

பெங்களூரில் 1984இல் அமைந்த வானூர்தி மேம்பாட்டு முகமை, தேஜஸ் போர்விமானத்தின் கரியிழைப் பகுதிகளுக்கென 'ஆட்டோலே' என்னும் மென்பொருளை ஆக்கியது. வளைந்த பகுதியின் ஒவ்வோர் அடுக்கையும் தட்டையாக விரித்து, துணியை வெட்டவேண்டிய வடிவை அது காட்டும். வரைபடம் பிழைபட்டால் வெட்டும் பிழைபடும். அவ்விமானம் 2001 ஜனவரி 4ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது.

ஆகவே ஆசிரியர்கள், கருவிகள் பலவற்றை அறிமுகப்படுத்தும் முன்னர், அளவிட்ட ஒரு வரைபடத்தையேனும் மாணவர் பிழையற முடிக்கச் செய்தல் நலம்.