சண்டைக்கு வந்து சிக்கும் கவுதாரி

விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளை ஒட்டிய வேலிக்காத்தான் புதர்களில், விடிந்தும் விடியாததுமாக ஒரு குரல் எழும்பும். 'கட்டீட்டர், கட்டீட்டர்' என்று வேகம் கூடிக்கொண்டே போகும். ஒன்று தொடங்கினால் அடுத்த கொல்லையிலிருந்து இன்னொன்று விடாமல் பதில் கொடுக்கும். அதுதான் கவுதாரி. ஆளைக் கண்டால் பறக்காது, ஓடும். மிக நெருங்கிப்போனால்தான் படபடவென்று எழும்பி, சற்றுத் தள்ளி மறுபடி புதருக்குள் விழும்.

இதன் அறிவியல் பெயரில் நம் பக்கத்து ஊரே இருக்கிறது: 'பாண்டிசேரியானஸ்'. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 1782இல் புதுச்சேரிக் கவுதாரி என்று விவரித்திருந்தார். அதை வைத்து ஜெர்மானியர் கிமெலின் 1789இல் பெயர் சூட்டினார்.

கவுதாரியைச் சிக்கவைப்பதும் அதன் குரல்தான். குரலால் பறவையை வரவழைத்துப் பிடிப்பது உலகெங்கும் உள்ள வித்தை. அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்புவார். அதற்கென்றே மரப்பெட்டிக் கருவி உண்டு. மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டை கத்துவது போலவே கேட்கும். கிப்சன் என்பவர் 1897இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் ஒரு சிக்கல். வழக்கமாகச் சேவல் கத்த, பெட்டைதான் தேடிப் போகும். இங்கே சேவலை வரவைக்க வேண்டும். அதனால் கைதேர்ந்தவர் ஓயாமல் கூப்பிடமாட்டார். சேவல் பதில் கொடுத்ததும் வாயை மூடிக்கொள்வார். பெட்டை ஏன் வரவில்லை என்று சேவலே தேடி வரும்.

கவுதாரியிடம் இந்த நயமெல்லாம் தேவையில்லை. அதற்குத் தன் எல்லைதான் பெரிது. இன்னொரு ஆண் உள்ளே நின்று கத்தினால் பொறுக்காது. பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டோடு கொல்லையில் வைத்து, சுற்றிலும் சுருக்குக் கண்ணிகளை நட்டுவிட்டு, பிடிப்பவர் மறைந்து உட்கார்ந்துவிடுவார். கூண்டுப் பறவை கத்தும். எல்லைக்குச் சொந்தக்காரன் பதிலுக்குக் கத்திக்கொண்டே நெருங்குவான். ஆணின் காலில் சண்டைக்கென்றே கூரான முள் இருக்கிறது. அந்தக் காலே சுருக்கில் மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். வான்கோழி ஆசையால் கெடுகிறது, கவுதாரி ரோஷத்தால் கெடுகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவது பொறிதான் கொடியது. எல்லையைக் காக்க முன்னால் வரும் வீரியமான ஆணைத்தான் அது முதலில் பிடிக்கிறது.

பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தைப் பிடிப்பது தமிழ்நாட்டுக்குப் பழையது. வேடர்களான எயினரின் குடிசை முற்றத்தில் விளாமரத்தில் கட்டியிருந்த பார்வை மானைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

இன்று கூண்டும் வேண்டாம், செல்போனில் குரலை ஓடவிட்டாலே பறவை வந்துவிடும். படம் எடுக்கத்தானே என்று இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாத எதிரியைத் தேடி ஓடுகிற நேரமெல்லாம் அதன் இரை தேடும் நேரம். தயவுசெய்து செய்யாதீர்கள். வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தாலே அது தானாகக் கத்தும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைச் சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் முட்டை எடுப்பதும் வேட்டைதான், குற்றம்தான்.